காணி பிரிக்கும் முன்: மாரித் தண்ணீரும் றோட்டு வாசலும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஐந்து, பத்து ஏக்கர் காணிகளை வீட்டு வளவுகளாகப் பிரிக்கும் வரைபடங்கள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. ஒழுங்கை நேர்கோடாக, வளவெல்லாம் சதுரமாக, பார்க்க வடிவாகத்தான் இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் அதில் இருக்காது. படத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் காணியைப் பாருங்கள்.

பார்க்க ஏற்ற காலம் மார்கழி. கோடையில் வன்னியில் எல்லாக் காணியும் நல்ல காணிதான்! மாரியில் போக முடியாவிட்டால் அடையாளங்களைத் தேடுங்கள். பாலையும் வீரையும் நிற்பது பெரும்பாலும் மேட்டு நிலம். மருதமரம் நின்றால் அங்கே தண்ணீர் நடமாட்டம் உண்டு. வேலிக் கம்பியில் சருகு சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் பக்கத்து வளவில், "2018 மார்கழி வெள்ளத்தில தண்ணி எதுவரைக்கும் வந்தது அம்மா?" என்று கேளுங்கள். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்த அந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அவர் கைகாட்டும் சுவரில் ஒரு கோடு போட்டு, அந்த மட்டத்தை ரியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) பிடித்துக் காணிக்குள் கொண்டு வாருங்கள். வீட்டின் தளமும் ஒழுங்கையும் எவ்வளவு உயர வேண்டும் என்பது அப்போது தெரியும்.

அடுத்தது குளம். மேல்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போயாக வேண்டும். அது போகும் வழி கோடையில் வெறும் புல்தரையாகக் கிடக்கும். மலிவாக விற்பதும் அந்தத் துண்டைத்தான். அலைகரைக்குள், அதாவது குளம் நிரம்பும்போது தண்ணீர் பரவும் ஓரத்துக்குள், ஒரு வளவும் வேண்டாம். சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். கமக்காரர் அமைப்பில் வாயால் கேளுங்கள். எனக்குப் பயன்பட்ட பதில் பெரும்பாலும் கமக்காரரிடம்தான் கிடைத்தது.

ஓர் ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் தண்ணீர். பற்றைக்காடாக இருந்தபோது அதில் ஒரு பங்கை மண் குடித்தது. கூரையும் சீமெந்து முற்றமும் இறுக்கிய கிறவல் மண்ணும் வந்தபின் பெரும்பகுதி கீழ்க்காணிக்காரர் முற்றத்துக்குத்தான் ஓடும். ஆகவே மிகத் தாழ்ந்த வளவை விற்காமல், தண்ணீர் தேங்கப் பள்ளமாக வெட்டி விடுங்கள். காணி முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சரிவுக்குக் குறுக்கே உயர்த்திப் போட்ட ஒழுங்கை குளக்கட்டுப் போல் தண்ணீரை மறிக்கும். அதன் தாழ்ந்த இடத்தில் மதகு கட்டாயம். சின்னக் குழாயைச் சருகும் பொலித்தீனும் ஒரே மாரியில் அடைத்துவிடும். மண்வெட்டி நுழையும் அளவாவது வேண்டும்.

பிரதான வீதி வாசலுக்கு வருவோம். ஏ9, ஏ35 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். அவர்கள் அனுமதி இல்லாமல் வாசல் திறக்க முடியாது. வீதியோர வாய்க்காலை மண் போட்டு மூடி வாசல் வைப்பதுதான் நான் அதிகம் காணும் கூத்து. வாய்க்காலின் அகலமும் ஆழமும் குறையாமல் மேலே பாலம் போடுங்கள். ஒழுங்கையின் கடைசித் துண்டு வீதியை நோக்கிச் சரிந்தால் கிறவல் கழுவுண்டு தாரில் படியும், மோட்டார் சைக்கிள் சறுக்கும். அதை உட்பக்கமாகச் சரியுங்கள்.

மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடக்கும். 100 மீற்றர் தூரம்தான் தெரிகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 5 விநாடி. பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வீதியைக் கடக்க அது போதாது. வளைவுக்கு அருகே வாசல் வேண்டாம்.

கடைசியாக, நில அளவைப் படத்தில் வாய்க்காலுக்கும் பள்ளத்துக்கும் தனித் துண்டு இலக்கம் போடச் சொல்லி, அவற்றைப் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சக் காலத்தில் வேலி நகர்ந்து, வாய்க்காலுக்குள் யாரோ வாழை நட்டிருப்பார்.