பழைய கல்யாண டிவிடியைப் புதிய டிவியில் தெளிவாகப் பார்க்கும் வழி

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகள் பலவற்றில், பீரோவுக்குள் பட்டுப்புடவைகளோடு கல்யாண டிவிடியும் காதணி விழா டிவிடியும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பழைய பெட்டி டிவியில் கண்ணை உறுத்தாமல் ஓடிய அதே படம், சுவரில் மாட்டிய எல்இடி திரையில் முகங்கள் கரைந்து மங்கலாகத் தெரியும்போது, அப்ஸ்கேலிங், அதாவது சிறிய படத்தைப் பெரிய திரைக்கேற்பப் பெரிதாக்கும் வசதியுள்ள பிளேயரை வாங்கினால் சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைச் செய்து பார்ப்பது நல்லது.

நம் நாட்டு டிவிடியில் ஒரு காட்சி 720×576 புள்ளிகளாக, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகளாகப் பதிவாகிறது. முழு எச்டி திரையில் 1920×1080, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. தட்டைத் திரையின் புள்ளி எண்ணிக்கை மாறாதது என்பதால், வந்து சேரும் சிறிய படத்தை ஏதேனும் ஒரு கருவி பெரிதாக்கி, இடைப்பட்ட புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பியே தீர வேண்டும். சாதாரண பிளேயரை இணைத்தால் அந்த வேலையை டிவி செய்கிறது. அப்ஸ்கேலிங் பிளேயரில் அதைப் பிளேயரே செய்துவிடுகிறது. பதிவாகாத நுணுக்கத்தை இரண்டாலும் உண்டாக்க முடியாது. எனவே, இரண்டில் எது அந்தக் கணக்கை நன்றாகப் போடுகிறது என்பதை மட்டுமே நாம் பார்க்க வேண்டும்.

முதலில் ஒயரைக் கவனியுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவி ஒயரில் படம் முழுவதும் மஞ்சள் முனை ஒன்றின் வழியாகவே வருகிறது. வெளிச்சமும் நிறமும் அதில் ஒன்றாகக் கலந்து வருவதால் விளிம்புகளில் நிறம் கசிகிறது. பிளேயரில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த ஒயருக்கு மாறுங்கள். புதிய பிளேயர் வாங்கியபின் ‘படம் தெளிவாகிவிட்டது’ என்று மகிழ்கிறவர்களில் பலருக்கு, உண்மையில் உதவியது இந்த ஒயர் மாற்றமே என்பது என் கருத்து.

அடுத்து, பிளேயரின் வீடியோ அமைப்பில் வெளியீட்டை 576 என்று வைத்து ஒரு காட்சியைப் பாருங்கள்; இப்போது படத்தைப் பெரிதாக்குவது டிவி. பிறகு 1080 என்று மாற்றி அதே காட்சியைப் பாருங்கள்; இப்போது அந்த வேலை பிளேயருடையது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் பதிவு கையில் இருந்தால் அதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. வீடியோ கேமராவில் எடுத்த படத்தில், ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பதிவாகியிருக்கும். அவற்றைச் சரியாக இணைக்கத் தெரியாத கருவியில், தேர் நகரும்போது அதன் விளிம்பு சீப்புப் பல்லைப் போலப் பிரிந்து தெரியும். வாசல் கோலத்தின் சாய்ந்த கோடுகள் படிக்கட்டாக உடைகின்றனவா, புடவைச் சரிகை மினுமினுத்து நடுங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். எந்த அமைப்பில் இக்குறைகள் குறைவோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்ககாலத் தட்டைத் திரைகளில் பிளேயர் வெல்வதும், அண்மைக்கால டிவிகளில் வேறுபாடே தெரியாமல் போவதும் இயல்பு.

டிவியில் ஷார்ப்னஸ் அளவைக் குறையுங்கள். கூட்டினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். பழைய 4:3 படத்தை அகலமாக இழுத்தால் மணமக்கள் பருத்துத் தெரிவார்கள். அதன் இயல்பான வடிவத்திலேயே பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், குறை டிவிடியிலேயே இருக்கிறது. 4.7 ஜிபி டிவிடியில் இரண்டு மணி நேரப் படத்திற்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் தகவலுக்கு இடம் கிடைக்கும். முகூர்த்தமும் வரவேற்பும் சேர்ந்து நான்கு மணி நேரத்தை அதே டிவிடியில் அடைத்திருந்தால் அதில் பாதிதான். அப்போது எந்தப் பிளேயரும் உதவாது. கல்யாணத்தைப் படம்பிடித்த ஸ்டுடியோவில் அசல் டேப்போ கோப்போ இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் சென்று கேளுங்கள்.