சலோனாவுக்கு ஒரு நாள்: கூட்டாளியோடு போகிறவர்களுக்கு

குரோஷியாவில் ஸ்ப்லிட் நகரத்துக்கு வருகிறவர்களில் பலர் டயோக்ளீஷியன் அரண்மனையைச் சுற்றிவிட்டு, அப்படியே படகேறித் தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி சோலின் என்கிற ஊரில் சலோனா என்கிற பழைய நகரம் இடிபாடாகக் கிடக்கிறது. ரோமானியர்களின் டால்மேஷியா மாகாணத்துக்கு ஒரு காலத்தில் இதுதான் தலைநகரம். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளும் ஆலயங்களும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிடப்பதை நெரிசல் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: கதை தெரியாமல் போனால் முழங்கால் உயரச் சுவர்களைத் தவிர அங்கே ஒன்றும் தெரியாது, கூட வந்தவர் அரை மணி நேரத்தில் ‘சரி, கிளம்பலாமா’ என்பார். அதனால் பஸ்ஸில் போகும்போதே கதையைச் சொல்லிவிடுங்கள். பேரரசர் டயோக்ளீஷியன் இந்தப் பக்கத்து ஆள். 303-இல் அவர் கிறிஸ்தவர்கள்மீது கடும் அடக்குமுறையை ஆரம்பித்தார். அதில் சலோனாவின் ஆயர் (பிஷப்) டொம்னியுஸ் 304 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே டயோக்ளீஷியன் பதவியைத் துறந்து, ஸ்ப்லிட்டில் கட்டிய அரண்மனைக்குக் குடிவந்துவிட்டார். டொம்னியுஸைப் புதைத்த இடம், கொன்ற இடம், அவர் எலும்புகள் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லும் இடம், இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் திட்டம்.

ஸ்ப்லிட்டிலிருந்து சோலினுக்கு 1-ஆம் எண் நகரப் பேருந்து போகும். ஓட்டுநரிடம் சலோனா என்று சொல்லி ஏறுங்கள். செலவெல்லாம் யூரோவில்தான், 2023 ஜனவரி முதல் அங்கே அதுதான் நாணயம். அதே நாளில் குரோஷியா ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்ததால் ஷெங்கன் விசா இருந்தால் போதும். நிழல் குறைவு, எனவே ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் கட்டாயம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

மனாஸ்டிரினேயில் ஆரம்பியுங்கள், நேரத்தில் பெரும்பங்கை இங்கேயே செலவிடலாம். ஊர் மதிலுக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டம் இது, டொம்னியுஸை இங்கேதான் புதைத்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இடம்பிடிக்க மற்றவர்கள் போட்டி போட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 5-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தின் பலிபீடப் பக்கத்தை ஒட்டிப் பிணம் வைக்கும் கல்பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, நான்கு மூலையிலும் கொம்பு வைத்த கனமான மூடிகளோடு. மறைசாட்சியின், அதாவது மதத்துக்காக உயிர்விட்டவரின், பக்கத்தில் கிடந்தால் உயிர்த்தெழும் நாளில் துணை கிடைக்கும் என்று நம்பினார்கள். ரயிலில் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்கிற மாதிரிதான், என்ன, இது நிரந்தர இடம்.

பக்கத்தில் இருக்கிற சின்ன வீட்டின் பெயர் துஸ்குலும். இந்த இடங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த பாதிரியார் ஃபிரானே பூலிச் 1898-இல் கட்டியது. தோண்டி எடுத்த பழைய கல் துண்டுகளையே சுவரில் பதித்திருக்கிறார். அவருடைய கல்லறையும் இதே தோட்டத்தில்தான், போட்டி அவரையும் விடவில்லை பாருங்கள்.

அங்கிருந்து ஊருக்குள் இறங்கினால் ஆயரின் வளாகம் வரும். இரண்டு ஆலயங்கள் அருகருகே, பக்கத்திலேயே திருமுழுக்கு மண்டபம். ஒரு காலத்தில் இங்கே நீர் குடிக்கும் மான்களும் ‘கலைமான் நீரோடையை நாடுவதுபோல’ என்கிற திருப்பாடல் வரியும் கொண்ட மொசைக் தரை இருந்தது, இப்போது இல்லை. கட்டட அமைப்பில் ஆர்வம் உள்ள ஆள் என்றால் இங்கே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சட்டென்று தாண்டலாம்.

அப்புறம் மேற்கே நல்ல நடை. வழியில் கப்லியுச்சில் ஒரு கல்லறை ஆலயம், அஸ்தேரியுஸ் என்கிற பாதிரியாரையும் நான்கு படைவீரர்களையும் புதைத்த இடம். கடைசியில் ஆம்ஃபிதியேட்டர். பார்த்ததும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், ஏனென்றால் ஒட்டோமானியர்கள் இதைக் கோட்டையாக்கிக்கொள்ளக் கூடாது என்று 17-ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் இடித்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் டொம்னியுஸ் செத்ததாகச் சொல்லப்படும் இடம் இதுதான். கூட்டாளி களைத்துப்போனாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு யாத்ரோ ஆற்றோரம் போய்விடுங்கள், நிழலும் தண்ணீரும் அங்கேதான்.

சாயங்காலம் ஸ்ப்லிட் பேராலயம். 7-ஆம் நூற்றாண்டில் அவார் என்கிற நாடோடி இனத்தாரும் ஸ்லாவியர்களும் படையெடுத்து வந்து சலோனா விழுந்தபோது, தப்பித்தவர்கள் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள்தான் புகுந்தார்கள். அவர் தனக்காகக் கட்டிய கல்லறை மண்டபத்தையே ஆலயமாக்கி டொம்னியுஸின் பெயரை வைத்தார்கள். கொல்லச் சொன்னவரின் கல்பெட்டி இருந்த இடம் தெரியவில்லை, கொல்லப்பட்டவருக்கோ உள்ளே இரண்டு பீடங்கள். எலும்புகள் யாரிடம் என்பதில் மட்டும் ஒரு சிக்கல்: டால்மேஷியாக்காரரான திருத்தந்தை 4-ஆம் ஜான் 640-களில் ஆளனுப்பி சலோனா மறைசாட்சிகளின் திருப்பண்டங்களை ரோமுக்குக் கொண்டுபோனார், ஸ்ப்லிட்காரர்களோ டொம்னியுஸ் எங்களிடம்தான் என்கிறார்கள். இரவுச் சாப்பாட்டில் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கட்சி எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் மிஞ்சினால் ஸ்ப்லிட்டின் தொல்லியல் மியூசியத்தில், மனாஸ்டிரினேயில் கிடைத்த நல்லாயன் (நல்ல மேய்ப்பன்) உருவம் செதுக்கிய கல்பெட்டியையும் பாருங்கள். ஞாயிறு அன்று போவதாக இருந்தால் மியூசியமும் சலோனாவும் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்வது நல்லது, பேராலயத்தில் திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது.