வேலிக்கல் நடும் முன் புலப்படம் பாருங்கள்

வரப்புத் தகராறா? பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசும் முன், தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தை, அதாவது உங்கள் நிலத்தின் அளவு வரைபடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

பட்டாவில் மொத்தப் பரப்பு மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் புலப்படத்தில்தான் வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் உழவிலும் மழையிலும் வரப்பு நகரும், சர்வே கல் அவ்வளவு சீக்கிரம் நகராது. அதனால் இருவரும் சேர்ந்து நின்று, கல்லுக்குக் கல் டேப் பிடித்து, படத்தில் உள்ள நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டா நிலத்துக்கு இது உதவாது; உங்கள் பாகத்தின் எல்லையே படத்தில் இருக்காது. கல்லே காணோம் என்றாலும் சரி, பக்கத்து நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி, கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வரவழைப்பதுதான் வழி. நீங்களாகக் கல்லைப் பிடுங்கி நடாதீர்கள்.