இதழின் தரவரிசைக்காக மேற்கோள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வு மாணவர்கள் திருத்தத்துக்குக் கொண்டுவரும் கட்டுரை வரைவுகளை நான் துணைநூற்பட்டியலிலிருந்தே படிக்கத் தொடங்குவேன். ஆண்டு விடுபடுவது, முதலெழுத்து மாறுவது போன்றவற்றை மென்பொருளே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

அனுப்பப்போகும் இதழுக்காக மேற்கோள் சேர்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இது. அண்மையில் பார்த்த ஒரு வரைவில், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுவதைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் முடிவில், 14 முதல் 18 வரை ஐந்து எண்கள் அடைப்புக்குறிக்குள் நின்றன. ஐந்தும் ஒரே இதழில், கடந்த ஈராண்டுக்குள் வந்தவை. ஒன்றுகூட ஃபுளோரைடைப் பற்றியதன்று. கேட்டபோது, "எடிட்டருக்குப் பிடிக்கும்னு சீனியர் சொன்னாங்க சார்" என்றார் மாணவர்.

சீனியர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை என்பதுதான் வேதனை. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு ஓராண்டில் கிடைக்கும் மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவதே, இதழ்களைத் தரவரிசைப்படுத்தப் பயன்படும் தாக்கக் காரணி (impact factor). எனவே பழைய கட்டுரைக்குத் தரும் மேற்கோளால் அந்த எண் உயராது. தம் இதழின் கட்டுரைகளைச் சேர்க்கும்படி ஆசிரியர்களை நெருக்கும் பதிப்பாசிரியர்கள் இருப்பதை, 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வில்ஹைட், ஃபாங் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுப்பின் வழியே காட்டினர். இத்தகைய மேற்கோள்கள் அளவு மீறினால், தாக்கக் காரணியைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் அந்த இதழின் தாக்கக் காரணியையே வெளியிடாமல் நிறுத்திவிடும். அப்போது, அந்த எண்ணை நம்பிக் கட்டுரையை அங்கே கொடுத்த மாணவருக்குத்தான் இழப்பு.

கட்டுரை திரும்பி வந்தால் இன்னும் மோசம். ஒட்டவைத்த ஐந்தையும் நீக்காமல் அடுத்த இதழுக்கு அனுப்பினால், முதலில் எங்கே மறுக்கப்பட்டது என்பதை நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தகுதியாகக் கொள்வது

ஜார்ஜ் ஷெல்ட்ரிக் படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உதவும் தமது ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி 2008-இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரை, ஏராளமான மேற்கோள்களைப் பெற்று, 'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ' இதழின் தாக்கக் காரணியை ஏறத்தாழ 2-இலிருந்து 2009-இல் 49-க்கு மேல் ஏற்றியது. அதே ஆண்டில் அதே இதழில் வந்த மற்றக் கட்டுரைகள் அதனால் ஒரு வரிகூட மாறிவிடவில்லை.

சிறிய இதழில் வந்த மூல ஆய்வை விட்டு, க்யூ-1 (தரவரிசையில் முதல் கால்பகுதியில் உள்ள) இதழில் பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் மறுபார்வைக் கட்டுரையைக் காட்டுவது

அளந்தவர் யாரோ, அவரைக் காட்டுங்கள்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது

கூடாது.