புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பார்த்து அறிவது எப்படி

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் வாசலில் நின்று அதன் வயதைக் கேட்டால், "முந்நூறு வருஷம் இருக்கும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடையைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டு, பிறகு கை படாமல் நின்றுவிட்ட வீடு இந்நகரத்தில் மிக அரிது. திண்ணை ஒரு தலைமுறையினுடையதாகவும், மாடி அடுத்த தலைமுறையினுடையதாகவும், தரை அதற்கும் பிற்பட்டதாகவும் இருப்பதே வழக்கம். ஆகவே வீடு எத்தனை ஆண்டு பழையது என்ற கேள்வியை விடுத்து, அதன் எந்த உறுப்பு எக்காலத்தது என்று தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். அதற்குக் கட்டடக்கலைப் படிப்பு தேவையில்லை. எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில், நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுக் கம்பெனி இங்கே குடியேறியது 1674இல். 1693இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் நேர்த் தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாக ஒரு வரைபடம் தயாரித்தார்கள். 1699இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒழுங்கையே பின்பற்றினார்கள். இன்று நாம் நடக்கும் தெருக்களின் நேர்த்தி அங்கிருந்து வருவது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடல் வரை ஐரோப்பியர் குடியிருப்பு. மேற்கே தமிழர் குடியிருப்பு. மேற்கிலும் வைசியாள் வீதி, கோமுட்டி வீதி, செட்டி வீதி என்று குலத்தையும் தொழிலையும் ஒட்டித் தெருக்கள் அமைந்தன. சம்பா கோவிலைச் சுற்றிக் கிறித்தவர்களும், தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் இசுலாமியர்களும் வாழ்ந்தார்கள். எனவே தெருவின் பெயரே வீட்டைப் பற்றிய முதல் குறிப்பைத் தந்துவிடும்.

அடுத்து நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1761. அந்த ஆண்டு ஜனவரியில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைப்படி நகரம் திரும்பக் கிடைத்து, 1765 முதல் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்த காலத்தில் மறுகட்டுமானம் தொடங்கிற்று. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள ஒரு மாளிகையைக் காட்டி யாராவது அது 1761க்கு முன் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சு காலத்தது என்று சொன்னால் ஐயப்படுவதே அறிவுடைமை. மேற்கே நிலைமை சற்று வேறு. அங்கே தப்பிப் பிழைத்தவை சில உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது பெரிய மார்க்கெட்டுக்கு அருகே உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு.

வீடுகளைப் பார்க்கக் காலை வேளையே ஏற்றது. குறுக்குத் தெருக்கள் கடலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதால், இளவெயில் தெருவின் நீளத்தோடு வந்து முகப்புச் சுவர்களில் பக்கவாட்டாகப் படும். நடுப்பகலில் ஒரே சமமாகத் தெரியும் சுவர் அப்போது தன் மேடு பள்ளங்களைக் காட்டும்: அடைக்கப்பட்ட சன்னல், பின்னர் சேர்த்த பூச்சு, பழைய கூரை முட்டியிருந்த கோடு எல்லாம் தெரியவரும். முதலில் எதிர்ச்சாரியில் நின்று முழு முகப்பையும் பார்த்துவிட்டுப் பிறகே அருகில் செல்லுங்கள்.

தமிழர் வீட்டின் முகப்பில் முதலில் தேட வேண்டியது தெருத் தாழ்வாரம். திண்ணைக்கும் வெளியே, தெருவின் மேல் நீண்டு, மரத் தூண்களில் நிற்கும் ஓட்டுச் சார்பு அது. வீட்டுக்கு வீடு தொடர்ந்து சென்றதால் வழிப்போக்கர் வெயில் படாமல் நடந்தார்கள். அதற்கு உள்ளே, உயர்ந்த மேடையில் திண்ணை. தாழ்வாரம் ஊருக்கு, திண்ணை விருந்தினருக்கு, அதற்கப்பால் வீட்டாருக்கு என்று அடுத்தடுத்துப் படிகள் இருந்தன. இன்று பல வீடுகளில் தாழ்வாரம் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் கைமரங்கள் செருகியிருந்த குழிகள் சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாக இருக்கலாம், அல்லது தூணுக்கு அடியில் வைத்த கல் படிக்கட்டின் ஓரத்தில் எஞ்சியிருக்கலாம். திண்ணையில் கம்பித் தடுப்புப் போட்டு அறையாக்கியிருந்தால், அந்தத் தடுப்புக்குப் பின்னால் பழைய தூணும் அதன் தலைப்பில் உள்ள போதிகைக் கட்டையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் இதற்கு நேரெதிரான அமைப்பைக் காணலாம். அங்கே தெருவுக்குக் கிடைப்பது உயர்ந்த மதிலும், இருபுறமும் தூண் வேலைப்பாடு கொண்ட வாயிலும் மட்டுமே. வீடு தன் முகத்தை உள்ளே உள்ள தோட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். வளைவுச் சன்னல்கள், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் சாய்சட்டக் கதவுகள், உயரமான உட்கூரை, இரும்புத் தாங்கிகளில் நிற்கும் மர மாடம் ஆகியவை அதன் அடையாளங்கள். மஞ்சள் சுவரையும் வெள்ளைக் கோடுகளையும் மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். சென்ற ஆண்டு கட்டிய விடுதிக்கும் அதே நிறம்தான் அடிக்கிறார்கள்.

பிறகு மாடியைப் பாருங்கள். இந்நகரத்தின் தனித்தன்மை அங்கேதான் வெளிப்படுகிறது. கீழே மரத் தூண், தாழ்வாரம், திண்ணை என்று முழுக்கத் தமிழர் வீடாக இருப்பது, மேலே வட்டத் தூண்களும் வளைவுகளும் கைப்பிடிச் சுவரும் கொண்ட பிரெஞ்சு வீடாக மாறியிருக்கும். துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்து, நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் மறைந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டிலும் இந்த இணைப்பைக் காணலாம். எனினும் எல்லா இடங்களிலும் இரு தளங்களும் ஒன்றாகக் கட்டப்பட்டவை என்று கொள்ளக்கூடாது. படிக்கட்டு முற்றத்தின் ஒரு மூலையில் இடுக்கிப் பொருத்தியதுபோல் இருந்தாலோ, கீழ்ச்சுவரும் மேற்சுவரும் தடிமனில் பொருந்தாமல் இருந்தாலோ, மாடி பின்னர் ஏறியது என்று ஊகிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் ஆடவர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்கு உத்தியோகத்துக்குச் சென்றார்கள். அத்தகைய வீடாக இருந்தால், மாடி எப்போது வந்தது என்பதோடு பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுவையுங்கள்.

உள்ளே செல்ல அனுமதி கேட்பதற்கு முன், இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறக்க வேண்டாம். உணவு வேளையைத் தவிர்த்துச் செல்லுங்கள். காலணியை வாசலிலேயே விடுங்கள். பூசையறையையும் அடுக்களையையும் படம் எடுக்காதீர்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் உள்ளமைப்பைப் பார்க்க விரும்பினால், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதியார் நினைவில்லம், பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாரதிதாசன் நினைவில்லம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். நிலைப்படி கடந்து ரேழி, ரேழி கடந்து முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும், பின்னால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்ற வரிசை கண்ணுக்குப் பழகிவிட்டால், வேறு வீடுகளில் அது எங்கே அறுந்திருக்கிறது என்பது தானே தெரியும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில் முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியிருக்கும்.

இனி தலையை உயர்த்த வேண்டும். காலத்தைக் கணிப்பதற்குக் கூரையைப் போல் நம்பகமான உறுப்பு வேறில்லை. பழைய மாடித் தளங்களில் மிகுதியாகக் காணப்படுவது கட்டைக்குத்து. மெட்ராஸ் டெரஸ் என்றும் அழைப்பார்கள். உத்திரங்களின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இறுதியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். வாய்க்காலின் இரு கரைகளிலும் இதே தளம்தான் இருக்கிறது. பிரெஞ்சு மாளிகை எனப்படுவதன் முகப்பு ஐரோப்பிய வரைபடத்திலிருந்து வந்திருக்கலாம். அதன் உடல் உள்ளூர்ச் சுண்ணாம்பாலும் செங்கல்லாலும் உள்ளூர்க் கொத்தனார்களாலும் ஆனது. பழைய வீதிகளைச் சுற்றிக் காட்டும் நடைகளில் இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

மரக் கட்டைகளுக்குப் பதிலாக இரும்பு உத்திரங்களும் அவற்றுக்கிடையே செங்கல் வளைவுகளும் தெரிந்தால், அந்தத் தளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது. உத்திரத்தின் பக்கத்தில் உருக்காலையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளமாக இருந்தால் இன்னும் பிந்தியது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதிக் கட்டடம், கட்டடக்கலைஞர் அன்தோனின் ரேமண்டின் வடிவமைப்பில் 1930களின் இறுதியில் எழத் தொடங்கியபோது, புதுச்சேரிக்கு அது புதிய முறையாக இருந்தது.

ஓடுகளில் ஏமாற வைக்கும் பொறி ஒன்று உண்டு. வளைந்த நாட்டு ஓடு உள்ளூர்ச் சூளையில் சுட்டது. தட்டையான சீமை ஓடு மங்களூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வந்தது. அங்கே ஆலை நடத்திய பாசல் மிஷனின் ஓட்டின் அடிப்பக்கத்தில் 1865 என்று இருப்பதைக் கண்டு வீடு 1865இல் கட்டப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அது ஆலை தொடங்கிய ஆண்டு. ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம். முகப்பில் சுதையால் எழுதிய ஆண்டையும் இதே எச்சரிக்கையோடு கொள்ளுங்கள். புதுப்பித்த ஆண்டையே பெருமையாக எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள்.

சுவரில் எங்காவது பூச்சு உதிர்ந்திருந்தால் அங்கே நின்று பாருங்கள். வெண்மையாக, நகத்தால் கீறினால் உதிர்வதாக, கிளிஞ்சல் துணுக்குகளோடு இருந்தால் அது சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறமாக, இறுகி, தகடு தகடாகப் பெயர்ந்தால் அது பின்னால் வந்த சிமெண்டு. பழைய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிச் சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, கடலோர உப்போடு சேர்ந்து செங்கல்லையே பொடியாக்கும். மழைநீர் மேலிருந்து இறங்குவதும் அதே அளவு ஆபத்தானது. 1870களின் தொடக்கத்தில் எழுந்த, மேரி எனப்படும் கடற்கரை நகராட்சிக் கட்டடம், நெடுநாள் பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. 2021இல் திறக்கப்பட்டது பழைய வடிவில் புதிதாகக் கட்டியது. கட்டைக்குத்துத் தளத்தில் கட்டைகளின் முனை சுவருக்குள் செல்லும் இடத்தையும் மழைநீர்த் தூம்பின் அடியையும் பாருங்கள். வீடு விழத் தொடங்குவது அந்த இரண்டு இடங்களிலிருந்துதான்.

கண்ணால் கண்டதை ஆவணத்தோடு ஒப்பிடுவது கடைசி வேலை. பிரெஞ்சுக் காலத்துச் சொத்துப் பத்திரங்கள் நொத்தேர் எனப்படும் பத்திர அலுவலரிடம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. பல குடும்பங்கள் அவற்றை இன்றும் வைத்திருக்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அறைகள், கிணறு, பொதுச்சுவர் முதலியவற்றின் விவரம் வருவதால், கட்டட வரலாற்றுக்குக் கிரயப் பத்திரங்களைவிட அவை கூடுதலாகப் பயன்படும். பத்திரத்தை இரவல் கேட்காதீர்கள். வீட்டார் முன்னிலையிலேயே, ஆண்டையும் எல்லைகளையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டின் தரைப்படத்தைக் கையால் வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் நீங்கள் ஊகித்த காலத்தையும் அந்த ஊகத்துக்கான காரணத்தையும் அருகிலேயே எழுதி, படத்தின் ஒரு படியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.