உபுண்டு சர்வரில் நிலையான ஐபி முகவரி அமைத்தல்

உபுண்டு சர்வர் வழக்கமாக ரூட்டரிடமிருந்து, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி முறை வழியே தன் முகவரியைப் பெற்றுக்கொள்கிறது. அந்த முகவரி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால், கோப்புப் பகிர்வு, தரவுத்தளம் போன்ற சேவைகளை நடத்தும் கணினிக்கு நிலையான முகவரி வேண்டும். 17.10 பதிப்பு முதல் இந்த அமைப்பை நெட்பிளான் என்ற கருவி கவனித்துக்கொள்கிறது. பழைய கையேடுகள் சொல்லும் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திருத்திப் பயனில்லை.

முதலில் 'ஐபி அட்ரஸ்' என்ற கட்டளையை இட்டு, நெட்வொர்க் இடைமுகத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இஎன்பி3எஸ்0' என்பது போன்ற பெயரில் 'இஎன்' ஈதர்நெட்டையும், 'பி3' பிசிஐ பஸ் எண்ணையும், 'எஸ்0' ஸ்லாட்டையும் குறிக்கும். புதிதாக ஓர் அட்டையைப் பொருத்தும்போது பஸ் எண் மாறக்கூடும் என்பதால், கிராஃபிக்ஸ் அட்டையைச் சேர்த்த பிறகு நெட்வொர்க் வேலை செய்யவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பெயரைத்தான். இதே 'ஐபி' கட்டளையால் முகவரியைச் சேர்க்கவும் முடியும். ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்தால் அது மறைந்துவிடும்.

நிலையான அமைவு, 'ஈடிசி' கோப்புறைக்குள் உள்ள நெட்பிளான் கோப்புறையில், உள்தள்ளலால் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் யாமல் வகைக் கோப்பாக எழுதப்பட வேண்டும். அங்கே, முதல் தொடக்கத்தில் கணினியை அமைக்கும் கிளவுட்-இனிட் என்ற கருவி உருவாக்கிய, 50 என்று தொடங்கும் கோப்பு இருந்தால் அதைத் தொடாமல், 99 என்று தொடங்கும் வேறொரு கோப்பை உருவாக்குவது நல்லது. கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுவதால் பின்னால் வரும் மதிப்பே செல்லும். முகவரிகள் போன்ற பட்டியல்கள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இடைமுகப் பெயரின் கீழ், ரூட்டர் பிறருக்கு வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள ஒரு முகவரியை, 192.168.1.50/24 என்பதுபோல வலையமைப்பு அளவோடு சேர்த்து எழுதுங்கள். 'கேட்வே4' என்ற பழைய சொல் கைவிடப்பட்டுவிட்டதால், 'ரவுட்ஸ்' பகுதியில் 'டிஃபால்ட்' என்ற இலக்குக்கு ரூட்டரின் முகவரியைக் கொடுத்து, தளப் பெயர்களை ஐபி எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களை 'நேம்சர்வர்ஸ்' பகுதியில் சேருங்கள். உள்தள்ளலுக்கு இடைவெளி மட்டுமே. டேப் ஒன்று நுழைந்தாலும் நெட்பிளான் பிழை காட்டும். கோப்பின் அனுமதியை, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிற 600 ஆக மாற்றிவிடுங்கள்.

எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து வேலை செய்பவர் 'நெட்பிளான் அப்ளை' என்பதை நேரடியாக இடக்கூடாது. ஒரு தவறான எண் போதும், சர்வர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டியிருக்கும். 'நெட்பிளான் டிரை' என்ற கட்டளையோ, 120 வினாடிகளுக்குள் என்டர் விசையை அழுத்தி உறுதிப்படுத்தாவிட்டால் பழைய அமைவுக்கே திரும்பிவிடும். முகவரியே மாறும்போது இருக்கும் இணைப்பு உறைந்து, உறுதிப்படுத்தவே முடியாமல் போகலாம். ஆகவே முதல் சுற்றில், டிஎச்சிபி முகவரியைப் பெறச் சொல்லும் 'டிஎச்சிபி4' வரியை 'ட்ரூ' என்றே வைத்து, பழைய முகவரியோடு புதியதையும் சேர்த்து இயங்கவிடுங்கள். புதிய முகவரியில் உள்நுழைய முடிகிறது என்று தெரிந்த பிறகு அந்த வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி, அந்தப் புதிய இணைப்பிலிருந்தே மீண்டும் 'டிரை' இடலாம்.

பிறகு 'ஐபி ரவுட்' கட்டளையில், வெளியே செல்லும் இயல்பு வழி ('டிஃபால்ட்') ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டருக்கும், வெளியே உள்ள ஓர் ஐபி எண்ணுக்கும், ஒரு தளப் பெயருக்கும் இதே வரிசையில் பிங் அனுப்புங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ் வரியில்தான் இருக்கும். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அதைக் காட்டிக்கொடுக்கும்.