ஃபார்முலா 1 கார் ரேஸ்ல எந்த டிரைவர் எந்த டீமுக்கு போறாங்கன்னு கணிக்கும்போது பலரும் செய்யற தவறுகள்

2024 பிப்ரவரி 1-ம் தேதி, ஹாமில்டன் ஃபெராரிக்கு போறாராம்னு ஒரு ஃப்ரெண்ட் மெசேஜ் போட்டப்போ நான் யோசிக்கவே இல்ல, "வாய்ப்பே இல்ல, 2025 முடியற வரைக்கும் மெர்சிடிஸ்ல காண்ட்ராக்ட் இருக்கு"ன்னு உடனே பதில் போட்டேன். சில மணி நேரத்துல அதிகாரப்பூர்வமா அறிவிப்பே வந்துடுச்சு. நான் சொன்ன காண்ட்ராக்ட் பொய் இல்ல, 2023 ஆகஸ்ட்ல தான் ரெண்டு வருஷத்துக்கு நீட்டிச்சிருந்தாங்க, ஆனா முதல் வருஷம் முடிஞ்சதும் விலகிக்க அதுலயே வழி இருந்துச்சு.

பலரும் செய்யற முதல் தப்பு இதுதான், காண்ட்ராக்ட் எந்த வருஷம் முடியுதுன்னு மட்டும் பார்க்கறது. உள்ள எக்ஸிட் கிளாஸ் (முன்னாடியே விலகிக்கற ஷரத்து) இருக்கும், ஆப்ஷன் (தொடரலாமா வேணாமான்னு முடிவு பண்ற உரிமை) இருக்கும், அந்த ஆப்ஷன் டீம் கைல இருக்கா டிரைவர் கைல இருக்காங்கறதுல தான் விஷயமே இருக்கு. அப்படி எதுவும் இல்லன்னாலும் பேசி முடிச்சு அனுப்பிடுவாங்க. டிரைவர் பெரெஸுக்கு ரெட் புல் டீம் 2024 ஜூன்ல ரெண்டு வருஷம் நீட்டிப்பு குடுத்தாங்க, அதே டிசம்பர்ல அவர் வெளிய.

அடுத்தது, ஒரு டிரைவரை மட்டும் தனியா வெச்சு யோசிக்கறது. "இவர் எங்க போவார்"னு கேக்கறத விட "எந்த சீட் காலியாகுது, அது காலியானா பின்னாடி எத்தன சீட் நகரும்"னு கேட்டா தான் கணிப்பு கொஞ்சமாவது உருப்படியா வரும். 2022-ஐ எடுத்துக்கோங்க. ஜூலை 28 வெட்டல் ரிட்டயர்மென்ட் அறிவிச்சார், ஆகஸ்ட் 1 அந்த ஆஸ்டன் மார்ட்டின் சீட்டுக்கு அலோன்சோன்னு அறிவிப்பு, அலோன்சோ விட்டுட்டு வந்த ஆல்பைன் சீட்டுக்கு மறுநாளே இளம் டிரைவர் பியாஸ்ட்ரின்னு ஆல்பைன் அறிக்கை விட்டாங்க.

அந்த அறிக்கை இருக்கே, அத கவனமா படிச்சவங்களுக்கு அப்பவே இடிச்சிருக்கும். புது டிரைவரை அறிவிச்சா "ரொம்ப சந்தோஷமா இருக்கு, டீமுக்கு நன்றி"ன்னு அவர் பேர்ல நாலு வரி கண்டிப்பா இருக்கும். இதுல டீம் பாஸ் பேசறார், டிரைவர் பேர்ல ஒரு வரி கூட இல்ல. சில மணி நேரம் கழிச்சு பியாஸ்ட்ரியே ட்விட்டர்ல வந்து நான் அடுத்த வருஷத்துக்கு ஆல்பைன் கூட கையெழுத்து போடல, அவங்களுக்கு ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டார். செப்டம்பர் 2-ம் தேதி காண்ட்ராக்ட்களுக்குன்னே இருக்கற குழு தீர்ப்பு சொல்லுச்சு, ஜூலை 4-ம் தேதி மெக்லாரன் கூட போட்ட காண்ட்ராக்ட் தான் செல்லும்னு. அதனால டீமே அறிவிச்சாலும் டிரைவர் வாய்ல இருந்து வந்துச்சான்னு பாருங்க. மறுப்பையும் இப்படித்தான் வார்த்தை வார்த்தையா படிக்கணும், "எங்க டிரைவர்களோட சந்தோஷமா இருக்கோம்"னா அது இன்னிக்கு நிலவரம் மட்டும்தான், அடுத்த வருஷத்தப் பத்தி அதுல ஒண்ணுமே கிடையாது.

சங்கிலி அதோட நிக்கல. பியாஸ்ட்ரிக்கு இடம் வேணும்னு, 2023 வரைக்கும் காண்ட்ராக்ட் இருந்த ரிக்கியார்டோவை மெக்லாரன் ஒரு வருஷம் முன்னாடியே விடுவிச்சாங்க. பியாஸ்ட்ரி கிடைக்காததால ஆல்பைன் கேஸ்லியை கேட்டாங்க, அவர் ரெட் புல் ஆள், அவங்களோட ரெண்டாவது டீமான ஆல்ஃபா டௌரி சீட்டுக்கு மாத்து ஆள் கிடைச்சா தான் விடுவாங்க. ரெட் புல் கண்ணு அமெரிக்கால இண்டிகார்ங்கற ரேஸ் தொடர்ல ஓட்டிட்டிருந்த கோல்டன் ஹெர்டா மேல இருந்துச்சு, வேகத்துல குறையே இல்ல, ரேஸ்லாம் ஜெயிச்சவர், ஆனா ஃபார்முலா 1 ஓட்ட கட்டாயமா வேண்டிய சூப்பர் லைசென்ஸுக்கு தேவையான 40 பாயின்ட் இல்ல, விலக்கும் கிடைக்கல, கதை அங்கயே முடிஞ்சுது. மூணாவது தப்பு இதுதான்: திறமையப் பார்த்து சீட் குடுத்துடறோம், லைசென்ஸ் இருக்கான்னு பார்க்கறதே இல்ல. முன்னாடி மூணு சீசன்ல எந்த சாம்பியன்ஷிப்ல எத்தனாவது வந்தார்னு பாயின்ட் கூட்டிப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?

ஹெர்டா இல்லன்னு ஆனதும் அந்த சீட் டி வ்ரீஸுக்கு போச்சு. 2022 இத்தாலி மோன்ஸா ரேஸ்ல டிரைவர் ஆல்பானுக்கு அப்பெண்டிசைடிஸ் வந்ததால கடைசி நேரத்துல வில்லியம்ஸ் கார்ல ஏறி ஒன்பதாவதா வந்தவர், அந்த வாரம் எல்லாரும், நானும் தான், இவர விட்டா யாருன்னு பேசினோம். 2023-ல பத்தே ரேஸ்ல தூக்கிட்டாங்க. ஒரு ரேஸ வெச்சு ஒருத்தர முடிவு பண்ணக் கூடாது.

பின்னாடி இருக்கற பெரிய டீம்களோட ஏற்பாடும் மறந்துடற விஷயம். 2011-ல நரேன் கார்த்திகேயன் ஓட்டிட்டிருந்த ஹெச்ஆர்டி டீம் சீட்ல பிரிட்டிஷ் கிராண்ட் பிரில இருந்து ரிக்கியார்டோ உக்காந்தார், ரெட் புல் தங்களோட இளம் ஆளுக்கு ரேஸ் அனுபவம் வேணும்னு ஏற்பாடு பண்ணினது அது. நரேன் எப்படி ஓட்டினார்னு மட்டும் பார்த்துட்டிருந்தவங்களுக்கு அது புரிஞ்சிருக்கவே புரிஞ்சிருக்காது.

ஒரே செய்தி பத்து இடத்துல வந்தா பத்து ஆதாரம்னு எடுத்துக்காதீங்க, பின்னாடி போய்ப் பார்த்தா பெரும்பாலும் ஒருத்தர் எழுதினத தான் மத்த ஒன்பது பேரும் எடுத்திருப்பாங்க. இன்ஸ்டால அன்ஃபாலோ பண்ணிட்டார், ஏர்போர்ட்ல பார்த்தாங்க, இதெல்லாம் கணக்குலயே சேர்க்க வேணாம்.

எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கறது ஒண்ணு, இளம் டிரைவர்களோட கதையை நாமளே எழுதி மூடிடறது. டி வ்ரீஸ் போன இடத்துக்கு ரிக்கியார்டோ வந்தார், 2024 சிங்கப்பூருக்கு அப்புறம் அவர் இடத்துக்கு லாசன், லாசன் அங்கிருந்து 2025-ல ரெட் புல்லுக்கு. மெல்போர்ன்ல மூணாவது பிராக்டிஸே கார் பிரச்னைல போச்சு, சீனால கடைசி இடத்துல குவாலிஃபை ஆனார், ரெண்டே ரேஸ்ல மாத்திட்டாங்க, அன்னிக்கு நான் பார்த்த பாதி போஸ்ட் "இவன் கேரியர் முடிஞ்சுது"ன்னு தான். அதே வருஷம் செப்டம்பர்ல பாகு ரேஸ்ல, தன்னோட பழைய டீமான ரேஸிங் புல்ஸ் (ஆல்ஃபா டௌரியோட புதுப் பேர்) கார்ல மூணாவதா கிளம்பி அஞ்சாவதா முடிச்சார், 2026-க்கும் அந்த சீட் அவருக்கே தான் கிடைச்சுது.